படிக்கட்டுக்கு அடியில் முதலில் வந்தவர்கள்

சித்தி வேலை செய்யும்போது அவள் வாயில் குண்டூசிகள் இருக்கும். உதட்டோரம் வரிசையாக, மீன் முள்ளைக் கவ்விய பூனை மாதிரி. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் உதடு ஒட்டாத சொற்கள் மட்டும்தான் வெளியே வரும். "கை தூக்கு." "நேரா நில்லு." "ஆடாதே." அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் சின்னப் பஞ்சு மெத்தையில் குத்தி வைக்க வேண்டும். சித்தி அப்படி ஊசியை எடுக்க ஆரம்பித்தால் எதிரில் நிற்கிறவர் ஓர் அடி பின்னால் போவது நல்லது. இந்தக் கட்டடத்தில் அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர் இருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

சித்தியின் தையல் கடை ஒரு படிக்கட்டின் அடிவயிறு. மூன்று மாடிக் கட்டடம். கீழே கூரியர் ஆபீஸ், முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவதில் ஆடிட்டர், மூன்றாவதில் கட்டடத்துக்காரரின் சொந்த ஆபீஸ். படிகள் ஏறிப் போகும்போது அவற்றுக்குக் கீழே ஒரு முக்கோணம் மிஞ்சுமே, அதுதான் கடை. வாசல் பக்கம் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மெஷின் பக்கம் வந்தால் தலையைச் சாய்க்க வேண்டும். இஸ்திரி மேசையைத் தாண்டினால் குனிய வேண்டும். அதற்கும் அப்பால் தவழ்வதுதான் வழி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை தலையில் இடித்துக்கொள்வார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அட்வான்ஸ்.

பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு பேசி முடித்துக்கொண்டதிலிருந்து நான் இங்கேதான் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன், கொக்கி தைக்கிறேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் போகிறார்கள் என்று பார்க்காமலே சொல்லலாம். பல் டாக்டரிடம் போகிறவர்கள் ஒவ்வொரு படியிலும் யோசித்து ஏறுவார்கள். இறங்கும்போது கால் படியிலேயே படாது.

இஸ்திரி மேசைக்கு அப்பால் இருக்கிற தாழ்ந்த மூலை எங்களுடையது அல்ல. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. சிலந்திக் குடும்பம். உடம்பு ஓர் அரிசி அளவுதான். கால்கள் மட்டும் யாருடைய தலைமுடியையோ பிய்த்து ஒட்ட வைத்த மாதிரி நீளம். நாள் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும். படத்தில் வரைகிறார்களே, வட்டம் வட்டமாக, அழகான வலை, அதையெல்லாம் இதுகளிடம் எதிர்பார்க்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக ஒரு தாறுமாறு. "பாபின் நூல் சிக்கின மாதிரி கட்டி வெச்சிருக்குங்க, பிரிச்சுத் தைக்கணும்" என்று சித்தி சலித்துக்கொள்வாள். படியின் அடிப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்று, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒன்று, உடைந்த நாற்காலியின் கால்களுக்கிடையில் இரண்டு மூன்று. காற்று அடிக்காத, கை போகாத, வேறு யாரும் ஆசைப்படாத இடம் எதுவோ அதுதான் அவற்றின் விலாசம். யோசித்துப் பார்த்தால் சித்தியின் விலாசமும் அதுதான்.

வலையை லேசாக ஊதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். மற்ற பூச்சிகள் என்றால் விழுந்தடித்து ஓடும். இது ஓடாது. இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டு உடம்பைக் குலுக்கும் பாருங்கள், மிக்ஸி ஜார் மாதிரி. கால் எது உடம்பு எது என்று தெரியாமல் வெறும் மங்கலாகிவிடும். நாம் ஊதுவதை நிறுத்துகிறவரை அது நிறுத்தாது. அளவு கொடுக்க வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு நான் அதைக் காட்டுவேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற பெரியவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் காட்டுவேன். அதில்தான் ருசி அதிகம்.

தையல் கடையில் சிலந்தி இருந்தால் இன்னொன்றும் நடக்கும். துணி வெட்டும்போது பறக்கிற பிசிறெல்லாம் போய் வலையில் உட்காரும். பள்ளி திறக்கிற சமயத்தில் மூலை முழுக்கக் கருநீலம். பல் டாக்டரம்மாவின் நர்ஸுகளுக்குத் தைத்தால் வெள்ளை. ஒரு தடவை நாடகக்காரர்களுக்குச் சிவப்பு வெல்வெட் தைத்தோம். அந்த வாரம் எங்கள் மூலை ராஜசபை மாதிரி இருந்தது, ராஜாக்கள் தலைகீழாகத் தொங்கினார்கள்.

சித்திக்கு அவற்றின் மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை, ஒன்றோடும் பேசுவதில்லை. அது வேறு கணக்கு. அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் இங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் அவள் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைத்தாள். சட்டை இல்லை, காலர் மட்டும். "வருஷக்கணக்கா கழுத்து கழுத்தா தைச்சதுல, மனுஷனுக்கு அதுக்குக் கீழ உடம்பு இருக்குன்னே மறந்து போச்சு" என்பாள். ஒரு நாள் சூப்பர்வைசர் பெண்கள் கழிவறை வாசலில் ஒரு கடிகாரத்தை மாட்டினார். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கவாம். சித்தி அதைக் கழற்றிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். "இது உங்களுக்குத்தான் சார் தேவைப்படும். இங்க வேலை இல்லாம நேரம் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது நீங்க ஒருத்தர்தான்." மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. போயிருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். சித்தப்பா என்று ஒருவர் உண்டு. "மன்னிப்புக் கேட்டுட்டு வேலைக்குப் போ, இல்ல என் வீட்டுக்கு வராதே" என்றார். இரண்டில் சுலபமானதைச் சித்தி செய்தாள். அவர் இப்போதும் எங்கேயோ இருக்கிறார், பட்டன் இல்லாத சட்டையோடு.

வேலை கேட்டு அலைந்த நாட்களில் இந்தக் கட்டடத்துக்கும் வந்தாள். கட்டடத்துக்காரர் அப்போது உயிரோடு இருந்தார், எல்லோருக்கும் அவர் பெரியவர். கைப்பிடிக் கம்பியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியில் மாட்டி அவர் பேன்ட் தொடையோரம் கிழிந்து, ஒரு கையால் பொத்திக்கொண்டு படியில் நின்றிருந்தார். மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. சித்தி பையிலிருந்து ஊசியை எடுத்தாள். "அப்படியே நில்லுங்க ஐயா. அசைஞ்சா எனக்குப் பொறுப்பில்ல." நின்ற நிலையிலேயே தைத்து நூலைப் பல்லால் கடித்து முடித்தாள்.

"கடை எங்கம்மா வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"வைக்க இடம் இல்ல ஐயா."

அவர் படிக்கட்டுக்கு அடியிலிருந்த கதவைத் திறந்து காட்டினார். வாளி, துடைப்பம், மூன்று கால் நாற்காலி, எங்கே பார்த்தாலும் ஒட்டடை. சித்தி தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"உள்ளே ஆள் இருக்காங்களே ஐயா."

பெரியவர் சிரித்தார். "அவங்க வாடகை தர்றதில்லம்மா. நீ என்ன வேணா பண்ணிக்க."

சித்தி முன்பாதியைக் கழுவி விட்டாள். பின்பாதியை விட்டுவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் இஸ்திரி மேசையைப் போட்டாள். அந்த ஏற்பாடு அன்றைக்குப் போட்டது, இன்று வரை இரு தரப்பும் மீறியதில்லை. "அவ தைக்கிற வரைக்கும் இந்த இடம் அவளுக்கு" என்று பெரியவர் கட்டடத்தில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். எழுதிக் கொடுக்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான்.

பெரியவர் போன பிறகு கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகளின் கணவர் வந்தார். நாங்கள் அவரை மாப்பிள்ளை என்போம். யாருக்கு மாப்பிள்ளை என்று கேட்காதீர்கள், மொத்தக் கட்டடத்துக்கும்தான். நல்ல உயரம், நல்ல சட்டை, எதைப் பார்த்தாலும் இது இப்படி இருந்திருக்கலாமே என்கிற முகம். எங்கள் கடையைப் பார்த்தபோது அந்த முகம் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வந்தது. அந்த இடத்தில் ஒரு ரிசப்ஷன் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கண்ணாடித் தடுப்பு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சிரிக்கிற ஒரு பெண். சித்தியும் பெண்தான், மேசையும் இருக்கிறது. சிரிப்புதான் இடிக்கிறது.

வாடகை பாக்கி இல்லை, சண்டை சச்சரவு இல்லை, பெரியவர் சொன்னதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எதைச் சொல்லிக் கிளப்புவது? மாப்பிள்ளை ஒரு காரணத்தைத் தேடிக் கடைசியில் குனிந்து பார்த்தார். மூலையில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

போனில் வெளிச்சம் போட்டு ஒரு படம் எடுத்தார். கட்டடத்து வாட்ஸப் குழுவில் அது வந்தபோது அரிசி அளவு உடம்பு நண்டு அளவுக்கு இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "நமது கட்டடத்தின் நுழைவாயில். நாம் அனைவரும் வெட்கப்பட வேண்டும்." ஆடிட்டர் "நடவடிக்கை தேவை" என்று போட்டார். கூரியர்காரர் மூன்று ஐயோ போட்டார். பல் டாக்டரம்மா ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அது யாருக்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

அப்புறம் அவர் நேரில் வந்தார்.

"வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போடறேன். அதுக்குள்ள இந்த ஒட்டடை போகணும். இல்லன்னா நீங்க போகணும்."

சித்தி ஊசிகளை எடுத்தாள். மாப்பிள்ளை பின்னால் நகரவில்லை. பாவம், யாரும் சொல்லித் தரவில்லை.

"ரெண்டுல எது போனா உங்களுக்கு வசதி தம்பி?"

"என்னம்மா பேச்சு இது. ஒட்டடை அடிக்கச் சொன்னா தப்பா?"

"சொல்றது தப்பில்ல. அடிச்சா அதோட விட்டுடுவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் மெஷினைப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். "சுத்தம்னா அது மட்டும் இல்லையே. மெஷின் சத்தம் பத்திக்கூடப் பேச வேண்டியிருக்கு. அப்புறம் இந்த வயரெல்லாம்..."

"கேட்டியாடி?" என்று சித்தி என்னிடம் சொன்னாள், கண்ணை அவரிடமிருந்து எடுக்காமலே. "இன்னைக்கு ஒட்டடை. நாளைக்கு மெஷின். அப்புறம் என் மூஞ்சி."

மாப்பிள்ளை போனதும் சித்தி மறுபடி ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டாள். ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டு, எடுத்துத் திருப்பி வைத்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். "காஜா எடு" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா ஒட்டடைக் கம்போடு வந்தாள். நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு இந்தக் கடை போனால் தங்கை தன் வீட்டுக்கு வந்து உட்காருவாள் என்கிற கவலை, அப்படி வந்து உட்காரவும் மாட்டாள் என்கிற இன்னொரு பெரிய கவலை.

"நகரு" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"ஒரு வீச்சுல முடியற வேலைக்கு ஊரைக் கூட்டிட்டு இருக்க. நகருடி, நான் அடிக்கிறேன்."

"அக்கா, கம்பை வெளியில வெச்சுட்டு வா. டீ சொல்றேன்."

"உன் டீ யாருக்கு வேணும். உனக்கு இந்த இடம் வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்போ அந்த எட்டுக்கால் சனியனுங்க உனக்கு என்ன மாமனா மச்சானா?"

சித்தி இஸ்திரி மேசையின் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டாள். "நான் வந்தப்போ அதுங்க இங்க இருந்துச்சு. எனக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் நான் என்ன சொல்லப் போறேன்? நான் ரொம்ப நாளா இருக்கேன், என்னைக் கிளப்பக் கூடாதுன்னு. அதுதான் என்கிட்ட இருக்கிற ஒரே பேச்சு. எனக்கு முன்னாடி இருந்ததைக் கம்பால தட்டிட்டு எந்த வாயால அதைச் சொல்லுவேன்?"

"பூச்சிக்கும் மனுஷிக்கும் ஒரே சட்டமா?"

"அவருக்கு நானும் அதுவும் ஒண்ணாத்தான் தெரியறோம். நீ போட்டோவைப் பார்க்கலையா? அதுல ஒரு ஓரத்துல என் காலும் இருக்கு."

அம்மா கம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு குனிந்து மூலையைப் பார்த்தாள். மீட்டர் பெட்டிப் பக்கத்தில் ஒன்று வாயில் எதையோ கவ்விக்கொண்டு தொங்கியது. கடுகை விடப் பொடியாக, வெளிர் நிறத்தில், ஒரு சின்ன உருண்டை. முட்டைகள். நூலால் சுற்றி வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கும். பொரிகிறவரை கீழே வைக்காது, அதனால் சாப்பிடவும் செய்யாது.

"இது என்ன, வாயில?" என்றாள் அம்மா.

"பிள்ளைங்க" என்றேன் நான்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பை இறக்கினாள். மனசு இளகியதால் இல்லை, கை வலித்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

மாப்பிள்ளையின் படத்துக்கு ஒரு பதில் படம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதற்கு அடுத்த நாள். அவருடைய வாட்ஸப் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், மீசை வைக்கலாமா கொம்பு வைக்கலாமா என்று. அவருடைய மூன்றாவது மாடி ஆபீஸ். கைகட்டி நிற்கிறார். தலைக்கு மேலே புது ஏசி. ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இன்னும் பெரிதாக்கினேன். திட்டுக்கு நடுவில் முடி மாதிரிக் கால்கள்.

சித்தியிடம் காட்டினேன். "சிவப்பு வட்டம் போட்டு குரூப்ல விட்டுடவா?"

சித்தி வெகுநேரம் போனைப் பார்த்தாள். வாயிலிருந்து ஊசிகளை எடுத்தாள். "வேண்டாம். போன்ல போட்டா போன்ல பதில் சொல்லிட்டுப் போயிடுவாங்க. மார்க்கிங் சாக் எங்க?"

எங்கள் சாக்கட்டி தட்டையாக, நீல நிறத்தில் இருக்கும். சித்தியின் கணக்கில் நேர்கோடு என்றால் மடிக்க வேண்டும், வட்டம் என்றால் பிரிக்க வேண்டும், பெருக்கல் குறி என்றால் வெட்டி எறிய வேண்டும். அவளிடம் துணி கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கட்டடத்தில் அவளிடம் துணி கொடுக்காதவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், எல்லாக் கடைகளும் திறந்த பிறகு, தைத்து முடித்த துணிகளைக் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொரு மாடியாக ஏறினோம். ஒளிவு மறைவில்லை. சித்தி முன்னால், நான் துணி மூட்டையோடு பின்னால். கூரியர் ஆபீஸில் யாரும் வாங்காத பழைய பார்சல்களுக்கு மேல் ஒரு குடும்பம் இருந்தது. டாக்டரம்மாவின் அறையில் பெரிய பல் படத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம். ஆடிட்டர் ஆபீஸில் பைல் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே மூன்று தலைமுறை இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் சித்தி உள்ளே எட்டிப் பார்ப்பாள், வெளியே வருவாள், கதவு நிலையில் ஒரு நீலப் பெருக்கல் குறி போடுவாள். கை தடுமாறாமல், அளவாக, ஒரே இழுப்பில்.

"என்னம்மா பண்றீங்க?" என்று ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அளவு எடுக்கறேன் சார்."

மூன்றாவது மாடியில் மாப்பிள்ளை இல்லை. அவருடைய கதவில் போட்ட குறி மட்டும் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்டது. கதவும் பெரிதுதானே.

மீட்டிங் படிக்கட்டிலேயே நடந்தது. ஆடிட்டரும் டாக்டரம்மாவும் கூரியர்காரரும் படிகளில் ஆளுக்கொரு உயரத்தில் நின்றார்கள். அம்மா வாசலோரம் கம்போடு நின்றாள், எதற்கும் இருக்கட்டும் என்று. மாப்பிள்ளை அடிப்படியில் நின்று பேச ஆரம்பித்தார். சுத்தம், கௌரவம், கட்டடத்தின் மதிப்பு. பாதியில் ஆடிட்டர் கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் சரி சார். என் கதவுல யாரு பெருக்கல் போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் சித்தி.

"எதுக்கு?"

"வெட்ட வேண்டிய இடத்துல அப்படித்தான் போடுவேன். உங்க பேன்ட்டுல போட்டிருக்கேனே."

"பேன்ட் சரி. கதவை எதுக்கும்மா வெட்டணும்?"

"நான் எங்க சொன்னேன்? சார்தான் சொன்னார். ஒட்டடை இருக்கிற கடை காலி பண்ணணும்னு. உங்க பைல் அலமாரிக்குப் பின்னாடி எங்க மூலையில இருக்கிறவங்களோட சொந்தக்காரங்க இருக்காங்க. கூரியர்ல பழைய பார்சல் மேல. டாக்டரம்மாகிட்ட பல்லு படத்துக்குப் பின்னாடி. மூணாவது மாடியில ஏசி பக்கத்துல, ரொம்ப வசதியா." சித்தி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான் கிளம்பறேன். தனியா மட்டும் போக மாட்டேன். எல்லாரும் மூட்டையைக் கட்டுங்க, சேர்ந்தே போவோம்."

முதலில் சிரித்தது டாக்டரம்மா. "என் ரூம்ல இருக்கிறது இருக்கட்டும். கொசு கம்மியா இருக்கு. குத்தற வேலைக்கு அங்க நான் ஒருத்தி போதும்."

"அப்போ மொத்தக் கட்டடத்துக்கும் மருந்து அடிச்சிடறேன்" என்றார் மாப்பிள்ளை. காது சிவந்திருந்தது.

"பேஷன்ட் வாயைத் திறந்துட்டு படுத்திருக்கிற இடத்துலயா?"

"இந்த மாசம் ஆபீஸை மூட முடியாது சார்" என்றார் ஆடிட்டர்.

"பார்சல் நாறினா என் தலையில விடியும்" என்றார் கூரியர்காரர்.

இத்தோடு முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்த என்னை யாராவது தலையில் குட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளை படியிலிருந்து இறங்கிக் கடை வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி. இருந்துக்கோங்க. மெஷினும் ஓடட்டும். ஆனா நான் ஒண்ணு சொல்லி அது நடக்கலன்னு ஆயிடக் கூடாது. எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வீச்சு. அந்த மூலை மட்டும். அதோட நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

படிக்கட்டு முழுக்க ஒரு பெருமூச்சு இறங்கி வந்தது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற வழி கிடைத்துவிட்டது. "முடிச்சுடும்மா" என்றார் ஆடிட்டர், தன்மையாகவே. "நியாயமாத்தானே கேக்கறார்" என்றார் கூரியர்காரர். அம்மா கம்பைச் சித்தியின் கையில் திணித்தாள். நானும் மனசுக்குள் "அடிச்சுடு சித்தி" என்றுதான் சொன்னேன். ஒரு பக்கம் அவள் வாழ்க்கை முழுசும், இன்னொரு பக்கம் கொஞ்சம் நூலாம்படை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சித்தி கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டைகள் அதற்குள் பொரிந்திருந்தன. வலை நெடுக, பார்க்கப் பழகிய கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, புள்ளி புள்ளியாக. அவள் அதைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. மெஷினைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு கம்பை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"இந்த இடம் எனக்கு வேணும் தம்பி. ரொம்ப வேணும். இது இல்லன்னா மறுபடி எங்கயாவது போய்க் கழுத்து தைக்கணும். ஆனா இதை என் கையால அடிச்சுட்டு இங்க உட்கார்ந்தேன்னா, நாளைக்கு நீங்க என்னை அடிக்கும்போது ஏன்னு கேக்க எனக்கு வாய் இருக்காது. என் கையால நடக்காது. உங்களுக்கு வேணும்னா நீங்க அடிங்க. நான் குறுக்க வர மாட்டேன்."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். கம்பை வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினார். மெஷினைத் தாண்டித் தலையைச் சாய்த்தார். இஸ்திரி மேசையைத் தாண்டிக் குனிந்தார். உயரமான மனிதர், அதற்குப் பிறகு முட்டி போட வேண்டியிருந்தது. எங்களுக்கு அவருடைய ஷூவின் அடிப்பாகமும் முதுகும்தான் தெரிந்தது. கம்பின் நுனி மெதுவாக மேலே போயிற்று.

அது வலையைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் குலுங்க ஆரம்பித்துவிட்டன. பெரியது, சின்னது, நேற்றுப் பிறந்தது, எல்லாம் ஒரே நேரத்தில். ஒன்றுகூட ஓடவில்லை. அந்த மூலை மொத்தமும் கண்ணுக்கு முன்னால் நடுங்கும் புகை மாதிரி ஆகிவிட்டது. அவருடைய முகம் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

கம்பு அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. மேலே படியில் யாரோ இருமினார்கள்.

அப்புறம் ஒரு 'டங்'. அட்வான்ஸ் செலுத்திவிட்டார்.

அவர் பின்வாக்கில் வெளியே வந்தார். தலையில் கருநீலப் பிசிறு ஒட்டியிருந்தது. கம்பின் நுனி சுத்தமாக இருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முட்டியைத் தட்டிக்கொண்டு, "அடிச்சாச்சு" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆடிட்டர்கூட. பெரிய மனிதர் ஒருவர் சொன்ன பிறகு அது நடந்ததாகத்தானே கணக்கு. அப்படியே விட்டிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"அடிக்கலையே தம்பி" என்றாள் சித்தி.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை சித்தியைப் பார்த்தார். இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார். எல்லோரையும் விலக்கிக்கொண்டு படியேறிப் போனார். அவருடைய காலடி மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. பயந்துபோய் அடிக்கவில்லையா, மனசு வரவில்லையா, தலையில் இடித்ததில் வந்த வேலை மறந்துபோயிற்றா, எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் மூன்றுமே என்று சொல்லியிருப்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

இருந்துகொள்ளுங்கள் என்றும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. காலி பண்ணுங்கள் என்றும் சொல்லவில்லை. ரிசப்ஷன் ஆசை போய்விட்டதாகவும் தெரியவில்லை. போன வாரம்கூட ஒரு கார்ப்பென்டரைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் வாசலுக்கு வெளியே நின்று, கையை அகட்டி அகட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். சித்தி மெஷினை நிறுத்தவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிய மாதிரிகூட இருந்தது.

கார்ப்பென்டர் போன பிறகு மாப்பிள்ளை மேலே போக முதல் படியில் கால் வைத்தார். சித்தி தலையைத் தூக்கினாள். அவள் கண் முகத்துக்குப் போகாது, எப்போதும் துணிக்குத்தான் போகும்.

"பேன்ட்டோட அடிமடிப்பு பிரிஞ்சிருக்கு தம்பி. வலது கால். கழட்டிக் குடுத்தா இப்பவே போட்டுத் தர்றேன்."

மாப்பிள்ளை குனிந்து காலைப் பார்த்தார். உண்மைதான், ஒரு முழ நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றார்.

"உங்க இஷ்டம்."

அவர் ஏறினார். நூல் படிக்குப் படி அவர் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு போயிற்று. நேற்றும் அதே பேன்ட், அதே நூல், இன்னும் கொஞ்சம் நீளமாக. நான் கத்தரியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிப் போய் அதை வெட்டிவிடலாமா, இல்லை கைப்பிடிக் கம்பியில் முடிந்துவிடலாமா என்று யோசித்தேன்.

"உட்காரு" என்றாள் சித்தி. "நடக்கட்டும். அவரா கழட்டற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப் போறேன்."